கீர் பண்டிகை: கொங்கண யூதர்களின் அறுவடைச் சமையல்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம்ம ஆட்களில் பலர் சென்ட்ரல் லைனில் 'மஸ்ஜித்' ஸ்டேஷனைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறோம். அந்தப் பெயர் ஏதோ பள்ளிவாசலைக் குறிக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் பக்கத்து மாண்ட்வி பகுதியில் 1796ல் சாமுவேல் எசேக்கியல் திவேகர் கட்டிய யூதர் ஜெப ஆலயத்தால் வந்த பெயர் அது என்பதுதான் இங்கே பரவலாகச் சொல்லப்படுவது. அந்த ஆலயம் இருக்கும் தெருவுக்கே சாமுவேல் தெரு என்றுதான் பெயர்.

இவர்கள் பெனே இஸ்ரேல் என்ற யூதர்கள். வீட்டில் பேசுவது மராத்தி. பெயருக்குப் பின்னால் ஊரை வைத்து திவேகர், பென்கர், கெஹிம்கர் என்று வரும். கொங்கணக் கரையில் அலிபாக் பக்கம் நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. வேத நூல் கடலோடு போய்விட்டது. பிற்காலத்தில் எண்ணெய் ஆட்டுவது தொழில். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர்!

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம்.

யூதர்களின் அறுவடைப் பண்டிகை சுக்கோத். திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாள். பெரும்பாலும் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வரும். ஓலை, தழை வேய்ந்த பந்தல் போட்டு அதற்குள்தான் சாப்பிட வேண்டும். கூரை நிழல் தரவேண்டும், ஆனாலும் அதன் இடுக்கில் நட்சத்திரம் தெரிகிற மாதிரி இருப்பது நல்லது. மழை கொட்டிச் சாப்பாட்டைக் கெடுத்தால் வீட்டுக்குள் போய்க்கொள்ளலாம். (மும்பையின் அக்டோபர் மழை தெரிந்தவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமை புரியும் :-))

இந்தச் சமையலுக்குத் திட்டம் போடுவது லேசான வேலை இல்லை. முதலில் கோஷர் விதி. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே என்று வேதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்ற சட்டம். பாத்திரம் தனி. கறி சாப்பிட்டால் பால் பொருளைத் தொடப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரம் என்பது பல குடும்பங்களின் வழக்கம். இறைச்சி, முறைப்படி பயிற்சி பெற்றவர் அறுத்ததாக இருக்க வேண்டும். மீன் என்றால் துடுப்பும் செதிலும் வேண்டும். இறாலும் நண்டும் கிடையாது.

அடுத்தது நாள் கணக்கு. இஸ்ரேலுக்கு வெளியே முதல் இரண்டு நாளும் முழுப் பண்டிகை நாள். சனிக்கிழமை ஓய்வு நாளில் சமைக்கவே கூடாது. பண்டிகை நாளில் சமைக்கலாம், ஆனால் புதிதாக நெருப்பு மூட்டக்கூடாது; முன்பே எரிகிற நெருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல் நாளில் இரண்டாம் நாளுக்காகச் சமைப்பதும் கூடாது. பண்டிகை வியாழன், வெள்ளியில் வந்தால் சனியும் ஒட்டிக்கொள்ளும். புதன் இரவு தொடங்கி சனி மதியம் வரை ஆறு பெரிய சாப்பாடு! வெள்ளியன்று சனிக்காகச் சமைக்க வேண்டுமானால், புதன்கிழமையே கொஞ்சம் ரொட்டியும் சமைத்த பண்டம் ஒன்றும் எடுத்து வைத்துவிட வேண்டும். சனிக்கான சமையல் முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். 'எருவ் தவ்ஷிலின்' என்று பெயர். அடுத்த வாரம் நிறைவு நாட்களும் அதே கிழமைகளில் வரும் என்பதால் இந்தக் கூத்து மறுபடியும் ஒருமுறை.

கொங்கணத்தில் இதற்கெல்லாம் கைகொடுத்தது தேங்காய். தேங்காய்ப்பால் பால் இல்லையே! கறிக்குழம்பில் தாராளமாக ஊற்றலாம், அதே சாப்பாட்டில் பாயசமும் வைக்கலாம். திராட்சை ரசம் கிடைக்காத ஊரில் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றை வைத்தே ஆசி சொன்னார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. பல நூற்றாண்டுகளாகப் பெனே இஸ்ரேலுக்குச் சுக்கோத் என்ற பெயரோ, பந்தல் போடும் வழக்கமோ தெரியாது. அவர்களிடம் இருந்தது 'கீரிச்சா சண்', கீர் பண்டிகை. அதே திஷ்ரி மாதத்தில், புத்தாண்டு கழிந்த சில நாட்களில், புது நெல் அரிசியைத் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்துக் கீராகக் காய்ச்சி, சாம்பிராணி போட்டு, 'ஷெமா' என்ற ஒற்றை ஜெபத்தைச் சொல்லிச் சாப்பிடுவார்கள். எபிரேய மொழியில் அவர்களுக்கு மிஞ்சியிருந்தது ஏறக்குறைய அந்த ஜெபம் மட்டும்தான். நம்ம பொங்கல் பானை ஞாபகம் வருகிறதா? இது மறந்துபோன சுக்கோத்தின் மிச்சம்தான் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. நூல் போனது, பெயர் போனது, தேதியும் நகர்ந்தது. அடுப்பில் ஏறிய பானை மட்டும் நின்றது.

இவர்கள் யூதர்கள்தான் என்று வெளியுலகம் கண்டுகொண்டதும் சமையலறை வழியாகத்தான். கொச்சியிலிருந்து வந்த தாவீது ரஹாபி என்பவர் பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அவர்கள் துடுப்பும் செதிலும் உள்ளதை மட்டும் பொறுக்கி எடுத்தார்களாம். இது அவர்கள் மரபுக் கதை. ரஹாபியின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு, 18ஆம் நூற்றாண்டு என்பவர்கள் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் வந்து எபிரேயமும் முறையான பண்டிகைகளும் கற்றுக்கொடுத்தார்கள். சுக்கோத் பந்தல் வந்தது. கீர் பண்டிகை மெல்ல ஒதுங்கியது. பழைய வழக்கங்களை ஹாயீம் சாமுவேல் கெஹிம்கர் 1897ல் எழுதி முடித்த வரலாற்றில் பதிந்து வைத்தார். அது அச்சில் வந்தது 1937ல்.

1948க்குப் பிறகு பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அங்கே 1960களின் தொடக்கத்தில் மதத் தலைமை இவர்களின் யூத வம்சத்தையே சந்தேகித்து, திருமணப் பதிவுக்கு முன் முன்னோர் பற்றி விசாரிக்கச் சொன்னது. போராட்டம் நடத்தித்தான் 1964ல் மற்ற யூதர்களுக்குச் சமமானவர்கள் என்ற அறிவிப்பை அந்நாட்டு நாடாளுமன்றத்திடம் பெற்றார்கள். ஏட்டில் ஆதாரம் கேட்டவர்களிடம் ஏட்டை எங்கே போய்த் தேடுவது? அவர்கள் ஆதாரம் மீன் செதிலிலும் சனிக்கிழமை ஓடாத செக்கிலும் அல்லவா இருந்தது!

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரவில்லையே என்ற கவலை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு, நியாயமான கவலைதான். மொழியைச் சொல்லிக்கொடுப்போம், விடவேண்டாம். ஆனால் தை பிறந்தால் எதற்காகப் புதுப்பானை, ஏன் புது அரிசி என்பதையும் அடுப்படியில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுங்கள். காரணம் தெரிந்து கிண்டிய கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.