வெள்ளி முளைத்த வேளை: ஆண்டாள் காலமும் கணியர்களும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பிறப்பைக் குருபரம்பரை நூல்கள் கலியுகத்தின் முதல் நூறாண்டுக்குள் வைக்கின்றன. அதாவது கி.மு. 3000-ஐ ஒட்டி. இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களோ அவரை கி.பி. 731 டிசம்பர் 18-க்குக் கொண்டுவந்தார்கள். சான்று, திருப்பாவையின் 13ஆம் பாசுரத்தில் தோழியை எழுப்பும் பெண்கள் சொல்லும் வானக்குறி: வெள்ளி முளைத்துவிட்டது, வியாழன் மறைந்துவிட்டது.

வான்நூல் அறிந்தவரைச் சங்க காலம் கணியன் என்றது. பூங்குன்றன் அந்தப் பெயரோடுதான் நமக்குக் கிடைத்திருக்கிறார். பின்னாளில் அந்த இடம் பஞ்சாங்கக்காரருக்குப் போயிற்று. நல்லநாள் கேட்க மட்டும் ஊர் அவரைத் தேடியதால், அவருடைய கணக்கின் அருமையை வெளியூர்க்காரர் சொல்ல வேண்டியிருந்தது. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளால் கிரகணம் கணிக்கும் தமிழரைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தக் கணக்கு 41 விநாடி குறைந்தது; ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயரின் அட்டவணை 68 விநாடி கூடியது. பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்தே சென்னை வானாய்வகத்துக்குப் போன சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

இலக்கியத்துக்குள் கணக்கைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. அரசு அதிகாரி. கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான அவருடைய நாட்கணிதத் தொகுதிகள் 1922-இல் வெளிவந்தன. கல்வெட்டுத் தேதிகளைச் சரிபார்க்க அவை பெருந்துணை. அதே முறையால் அவர் சிலப்பதிகாரத்தை கி.பி. 756-க்குக் கொண்டுபோனதைத்தான் பலர் ஏற்கவில்லை. கூட்டல் பிழையால் அல்ல. காப்பியத்தில் வரும் நாளும் கோளும் நடந்த நிகழ்ச்சியின் பதிவா, புலவரின் கற்பனையா என்பது கணக்குக்கு முந்திய கேள்வி.

ஆண்டாளுக்கு 731-ஐ நிறுவியவர் தமிழறிஞர் மு. இராகவையங்கார், நூல் ‘ஆழ்வார்கள் காலநிலை’, ஆண்டு 1926. அந்த நாளில் முழுநிலவு. வெள்ளி விடிவெள்ளியாக இருந்தது. அதற்கு ஏறக்குறைய எதிர்ப்புறத்தில் வியாழன். பொருத்தம் உண்மைதான். ஆனால் வெள்ளி எட்டாண்டுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும், வியாழன் வானைச் சுற்றப் பன்னிரண்டாண்டு ஆகும். எனவே இருபத்துநான்கு ஆண்டு இடைவெளியில் இதே காட்சி ஏறத்தாழத் திரும்பும். ஒன்பதாம் நூற்றாண்டு ஆண்டுகளைச் சிலர் முன்வைக்க முடிந்தது இதனால்தான். அவற்றுள் ஒன்றைத் தேர்வது வானமன்று. ஆண்டாளின் தந்தை பெரியாழ்வார் பாடும் நெடுமாறன் எந்தப் பாண்டியன் என்ற வரலாற்று முடிவே. வானியல் இங்கே சாட்சி மட்டும். நம் நூல்கள் அதை நீதிபதியாக்கிவிட்டன.

யாரும் அதிகம் பேசாத ஒன்று மலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும்போது வலப்பக்கம் மேற்குத்தொடர்ச்சி மலை கூடவே வரும். இவ்வூர்களில் எந்தக் கோளும் கணக்கிட்ட அடிவானத்தில் மறைவதில்லை, மலைக்குப் பின்னால் மறைகிறது. மலைமுகடு 5 பாகை உயர்ந்து நின்றாலே வியாழன் சுமார் 20 நிமிடம் முந்தி மறைந்துவிடும். பாசுரத்தின் களம் ஆய்ப்பாடி என்பார்கள். ஆண்டாளுக்கு வில்லிபுத்தூரே ஆய்ப்பாடி என்பதும் அதே மரபுதான். அப்படியானால் கணிப்பு இந்த மலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஐயத்துக்கு வியாக்கியான மரபில் ஒரு முன்னோடி உண்டு. உள்ளே படுத்திருப்பவள் அந்த வானக்குறியை நம்புவதில்லை. கண்ணில் பட்ட மீனெல்லாம் உங்களுக்கு வெள்ளியும் வியாழனும்தானே, வேறு அடையாளம் உண்டா என்று கேட்கிறாள். வெளியே நிற்பவர்கள் வானத்தை விட்டுவிட்டுப் பறவைகள் கூவுவதைச் சொல்கிறார்கள்.