மருத்துவ மிஷனெரிகள் பயின்ற கல்லூரிகள்

பிறநாட்டு மருத்துவ ஊழியத்தை நாடும் வாலிபர் தம் போதகரை அணுகி, எக்கல்லூரியில் பயிலலாம் என்று வினவும்போது, பெரும்பாலும் பேரும் புகழும் பெற்ற கல்லூரிகளையே நாம் சுட்டிக்காட்டுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ மிஷனெரிகளின் சரித்திரம் இவ்விடையைச் சோதித்துப் பார்க்க உதவும். அவர்கள்முன் இரு கேள்விகள் நின்றன. தாம் செல்லுமிடத்திற்குத் தேவையான மருத்துவத்தைக் கையாலே செய்து பழக எங்கே இடமுண்டு? எக்கல்லூரியின் பட்டத்தைப் பிறர் மதிப்பர்? இவ்விரண்டும் ஓரிடத்திலே கிட்டுவது அரிதாயிருந்தது.

ஸ்காட்லாந்தியர் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தனர். 1841இல் தோன்றிய எடின்பரோ மருத்துவ மிஷனெரிச் சங்கம் பட்டம் அளிக்கும் கல்லூரி எதையும் நிறுவவில்லை. மாணவர் நகரின் மருத்துவப் பள்ளிகளிலே பாடம் கேட்டனர். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கௌகேட் பகுதியில் சங்கம் நடத்திய மருந்தகத்திலே பழகினர். நாசரேத்தில் 1861இல் மருத்துவப் பணி தொடங்கிய ஆர்மேனியரான கலூஸ்ட் வார்த்தான் எடின்பரோவில் பயின்றவரே.

அமெரிக்கப் பெண்களுக்கோ இந்த வழியும் அடைபட்டிருந்தது. பெரும்பாலான கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கவேயில்லை. ஆகவே 1850இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கென மருத்துவக் கல்லூரியொன்று எழுந்தது. அதற்கு மதிப்பு எளிதில் வரவில்லை. 1869இல் அதன் மாணவியர் பென்சில்வேனியா மருத்துவமனை விரிவுரைக்குச் சென்றபோது ஆண் மாணவர் கூச்சலிட்டு அவமதித்தனர். ஆயினும் அக்கல்லூரியின் ஆன் பிரஸ்டன் அம்மையார் முயற்சியால் 1861இல் நிறுவப்பட்ட பெண்கள் மருத்துவமனை, புகழ்பெற்ற கல்லூரிகள் பெண்களுக்கு மறுத்ததைக் கொடுத்தது: பிரசவத்தையும் பெண்களின் நோய்களையும் படுக்கையருகே நின்று கற்கும் வாய்ப்பு. ஆண் மருத்துவர் நுழையக்கூடாத இந்தியக் கோஷா வீடுகளுக்கு வேண்டியிருந்ததும் அதுவே. 1869இல் அங்கே பட்டம் பெற்ற கிளாரா ஸ்வெய்ன் 1870 ஜனவரியில் பரேலியை அடைந்து, அவ்வாண்டிலேயே பெண்களுக்கு மருத்துவ வகுப்பும் தொடங்கினார்.

அதே கல்லூரியின் அன்னா கூக்ளர் 1883இல் குண்டூர் வந்தார். அவருடைய மிஷன் சங்கம் அவரை முதலில் மருத்துவராக நியமிக்கவில்லை. கல்லூரி ஆயத்தமாயிருந்த அளவிற்குச் சங்கம் ஆயத்தமாயிருக்கவில்லை என்றே கூறவேண்டும். ஆனந்திபாய் ஜோஷி செய்தியும் நம்மைச் சிந்திக்க வைப்பது. உதவி நாடியபோது மிஷனெரி ஒருவர் மதமாற்றத்தை எதிர்பார்த்தார். அவர் அதற்கு இசையாமல், இந்துவாகவே அங்கு பயின்று 1886இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இருபத்தோராம் வயதில் மரித்தார்.

ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டரின் தெரிவு வேறுவிதமானது. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1819இல் இலங்கைக்குப் புறப்பட்டவர். ஐடா அம்மையாரும் 1895இல் முதலில் சேர்ந்தது பிலடெல்பியாக் கல்லூரியிலேயே. 1898இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் ஏற்றுக்கொண்டபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். இதனைப் புகழாசை என்று தள்ளிவிடலாகாது. ஆண்களோடு சமமாய்ப் பயின்று பெற்ற சர்வகலாசாலைப் பட்டத்தை யாரும் எளிதில் இகழ முடியாது. ஆனால் அப்பட்டம் மட்டும் வேலூரை உண்டாக்கவில்லை என்பதும் உண்மை. 1918இல் அவர் அங்கே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, பிலடெல்பியா கண்ட தேவையையே மறுபடியும் கண்டார்: பெண்ணைத் தொட்டுப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும்.

பட்டத்தைப் பற்றிய கேள்வியும் அவரை விடவில்லை. வேலூர்ப் பள்ளி அளித்து வந்த எல்.எம்.பி. சான்றிதழ் இனிப் போதாது, சர்வகலாசாலைப் பட்டமே வேண்டும் என்று 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசாங்கம் தீர்மானித்தது. பள்ளி மூடப்படும் நிலை நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்திருந்த அம்மையார் பணம் திரட்ட அமெரிக்கா சென்றார். 1942இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று; 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பிலடெல்பியாக் கல்லூரி ஆண்களைச் சேர்த்தது வெகுகாலம் கழித்தே; பெண்கள் கல்லூரி என்னும் பெயரை 1970இல் களைந்தது.