சியாட்டில் கிருமியும் நம்மூர் ஜி.எஸ்.எம். கட்டரும்



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜி.எஸ்.எம். கட்டரால் துணியில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடை போடுகிறீர்கள். தராசே தப்பாக இருந்தால்? அதற்காகத்தான் எடை தெரிந்த படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதிக்கிறோம். ஆஸ்பத்திரி லேபிலும் ஒரு வட்டம்தான் கணக்கு. அங்கே படிக்கல், உயிருள்ள ஒரு கிருமி.

நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ கிடைத்த கிருமியை அகார் தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். பெரிய வட்டமென்றால் மருந்து கேட்கும், சிறியதென்றால் கேட்காது.

ஆரம்பத்தில் இதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்துவந்தார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் 1966-இல் ஒரே முறையாக வகுத்து வெளியிட்டார்கள். உலகம் முழுக்க லேப்களில் 'கிர்பி-பாவர்' என்று சொல்வது அதைத்தான். (மற்ற இருவர் பெயர் விட்டுப்போனது எனக்கு வருத்தமே.)

படிக்கல்லுக்கும் அதே ஊர்தான். ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ.கோலை கிருமி, 'சியாட்டில் 1946' என்று பெயரிலேயே ஊரும் ஆண்டும் உண்டு. ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி அது 19 முதல் 26 மி.மீ. வரை காட்ட வேண்டும். 29 வந்தால் அகார் 4 மி.மீ. கனத்துக்கு ஊற்றப்படாமல் மெலிந்திருக்கலாம், கிருமிக் கரைசல் நீர்த்திருக்கலாம். அந்த நிலையில் மருந்துக்கு அடங்காத கிருமியும் அடங்குவதுபோல் தெரியும். ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தைக்கு வேலை செய்யாத ஊசியை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். 15 வந்தால் வில்லை ஈரம் கோத்து வீரியம் இழந்திருக்கலாம். அப்போது எளிய மருந்தே போதுமான நோயாளிக்கு விலை கூடிய மருந்து போகும். இரண்டில் முதலாவதுதான் எனக்குப் பயம்.

ஷேடு கார்டு வெயிலில் கிடந்தால் வெளுக்கிறதே, அதுபோல இந்தக் கிருமியும் வளர்க்க வளர்க்கக் குணம் மாறும். ஆகவே மூலத்தை உறைநிலையில் பத்திரப்படுத்தி, வளர்த்துப் பயன்படுத்துவதை அவ்வப்போது கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்கிறார்கள்.

நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இன்னொரு வேலையும் செய்கிறது. பெயர் சொல்லாமல் கிருமிகளை மற்ற லேப்களுக்கு அனுப்பி விடை கேட்கிறது. பையர் நம் துணியை வெளி லேபுக்கு அனுப்பிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

உங்கள் வீட்டில் யாருக்காவது கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால், கன்ட்ரோல் கிருமி கடைசியாக எத்தனை மில்லிமீட்டர் காட்டியது என்று லேபில் கேட்டுப் பாருங்கள். நல்ல லேப் என்றால் நோட்டைத் திறந்து காட்டுவார்கள்.