குண்டு விழுந்த தூரமும் பிட்காயின் சாவியும்

பிட்காயின் பணப்பை (வாலட்) என்றதும் அதற்குள் காசு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கணக்கு முழுவதும் உலகெங்கும் உள்ள கணினிகளில் பொதுப் பேரேடாக இருக்கிறது. பணப்பையில் இருப்பது 256 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண் மட்டுமே. அதுதான் சாவி. உலாவியில் (பிரவுசர்) இயங்கும் எளிய பணப்பைக்கு நான்கே வேலைகள்: சாவியை உண்டாக்குவது, அதிலிருந்து முகவரியைக் கணக்கிடுவது, பேரேட்டில் இருப்பைப் பார்ப்பது, பணம் அனுப்பும்போது சாவியால் கையொப்பமிடுவது.

சாவி யார் கையில் இருக்க வேண்டும்? அது எப்படிப் பிறக்க வேண்டும்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் பழைய தென்னார்க்காட்டு வரலாறு துணைக்கு வருகிறது.

முதலாவது சிதம்பரம். 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அங்கே பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தவித்தனர். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. போன பணம் முழுதாகத் திரும்பவில்லை. அந்த அடியின் விளைவாக 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. வி.கிருஷ்ணசாமி ஐயருடன் அதை உருவாக்கியவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பள்ளி நிறுவிய இராமசாமி செட்டியார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் இவர்.

அன்று கிடைத்த விடை, நம்பகமான வேறொரு வங்கி. 2009-ல் பிட்காயின் சொன்ன விடை, சாவி அவரவர் கையிலேயே இருக்கட்டும் என்பது. சாவியைப் பிறரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் சந்தையில் சுமார் 23 கோடி டாலர் களவுபோனபோது இந்தியர்கள் பார்த்தார்கள்.

இரண்டாவது கடலூர். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் சேர்த்தே விற்கப்பட்டன. அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. பத்திரத்தில் இருந்த சொல் 'ரேண்டம் ஷாட்'. இன்றைய காதுக்கு அது குருட்டாம்போக்கில் சுட்டது போலத் தோன்றும். ஆனால் அக்காலப் பீரங்கிக்காரர் வழக்கில், குழாயை உயர்த்தி நெடுந்தூரம் சுடுவதற்கே அந்தப் பெயர். குண்டு எங்கே விழும் என்பதை மருந்தின் அளவும் குழாயின் சாய்வும் முன்பே தீர்மானித்துவிடும்.

உலாவியிலும் இதே கதைதான். ஜாவாஸ்கிரிப்டின் 'மேத்.ரேண்டம்' பெயரில்தான் தற்செயல். உள்ளே நடப்பது வெறும் கணக்கு. தொடக்கநிலை தெரிந்தால் அடுத்த எண்ணும் தெரிந்துவிடும். 2011 முதல் சில ஆண்டுகள் உலாவியில் உருவான பல பணப்பைகளின் சாவிகள் இத்தகைய பலவீனமான எண்களிலிருந்து பிறந்தவை என்பது 2023-ல் 'ரேண்ட்ஸ்டார்ம்' என்ற பெயரில் வெளியானது. சாவி சொந்தக்காரர் கையிலேயே இருந்தும், பிறர் ஊகிக்கக்கூடியதாக இருந்தது!

ஆகவே பணப்பை செய்து பழகுவோர் உலாவியின் கிரிப்டோ வசதியிலிருந்தே எண்ணைப் பெற வேண்டும். மதிப்பில்லாத காசு புழங்கும் டெஸ்ட்நெட்டில் மட்டும் சோதிக்க வேண்டும். சாவி தன் கையில் இருப்பது பாதிப் பாதுகாப்பு. அது யாராலும் ஊகிக்க முடியாததாக இருப்பதுதான் மீதிப் பாதி.