குற்றால மலையைப் படிக்க வந்தவர்கள்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் சென்று வந்தோர் நன்கு அறிவர். ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து வீசும், வெயில் மங்கும், சாரல் தூவும். அருவிகளில் நீர் விழத் தொடங்கிற்று என்ற செய்தி கேட்டதும் குற்றாலத்தில் கூட்டம் திரளும். நாமும் குடும்பத்தோடு போய், பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்து, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களே. ஆயினும் அருவியின்கீழ் நின்ற அந்த நேரத்தில் சில கேள்விகள் நம்முள் எழுந்ததில்லை. மேலே பெய்யும் மழையைத் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுக விடுகின்ற அந்தக் காடு எத்தகையது? அதைக் கற்றறிந்தவர் யார்? அவர் கற்பதற்கு ஆன செலவை ஏற்றவர் யார்?

கடைசிக் கேள்வி சற்று அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மலையைப் பற்றிய அறிவு வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன என்பதைக் குற்றாலத்தின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இன்று இதை எண்ணிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒருவராக இளம் பட்டதாரிகளைத் தேர்ந்து, மாத ஊதியம் தந்து, காலநிலை மாற்றம், காடு வளர்ப்பு, நீர்நிலைக் காப்பு ஆகிய பணிகளில் மாவட்ட நிருவாகத்துக்குத் துணையாக ஈராண்டுகள் அமர்த்துவது அதன் நோக்கம். அண்ணா பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை ஏற்றது. தென்காசி 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியிருந்ததால், 38 மாவட்டங்களுள் ஒன்றாக அதற்கும் தனியே ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. நற்செய்திதான். ஆயினும் மலையைப் படிக்க இளைஞருக்குப் படியளப்பது நம் மண்ணில் புதிதாக வந்த வழக்கமன்று.

கம்பெனியாரின் மருத்துவரும் ரங்கையாவும்

கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தை முதலில் நாடியது வாசனைப் பயிர்களுக்காக. ஜாதிக்காயும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் இங்கே வளருமா எனப் பார்க்கத் தோட்டங்கள் இட்டனர். மலை அவர்களுக்கு ஒரு வருவாய் வழி. அதே கம்பெனியின் ஊழியத்தில் 1819ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் இராபர்ட் வைட் என்பாரோ செடிகளைச் செடிகளாகவே நேசித்தார். 1826இல் சென்னை அரசு அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. ஈராண்டுகள்கூட நிறைவாக நடந்திருக்குமோ என்னவோ, 1828இல் சிக்கனத்தின் பேரால் அந்தப் பதவியையே அரசு எடுத்துவிட்டது. அவர் சேகரித்த செடிகள் இலண்டனுக்குக் கப்பலேறின. அவர் பட்டாள மருத்துவராக நாகப்பட்டினத்துக்குத் திரும்பினார்.

வைட் தளரவில்லை. தம் சொந்தச் சம்பளத்திலிருந்து செடி சேகரிப்போருக்கும் ஓவியருக்கும் கூலி தந்து பணியைத் தொடர்ந்தார். 1830களின் நடுவில் அவருடைய படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்துதான் குற்றால மலைக்கு வந்தார். அருவிக் கரையிலும் மேற்காட்டிலும் அவர் கண்ட செடிகள் பல அதற்குமுன் எந்த அறிவியல் நூலிலும் இடம்பெறாதவை. பின்னர் அவர் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள் உள்ளன. உலகின் தாவரவியலார் குற்றாலம் என்ற ஊர்ப்பெயரைத் தெரிந்துகொண்டது இத்தகைய பணிகளால்தான். இன்றும் நாவல் இனத்து மரம் ஒன்றின் அறிவியற்பெயரிலேயே குற்றாலம் இருக்கிறது.

அந்தப் படங்களை வரைந்தவர் வைட் அல்லர். முதலில் ரங்கையா, அவருக்குப்பின் கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர் வரைந்தவை அவை. இதழ், மகரந்தத் தாள், விதை என ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பிரித்துப் பார்த்து வரைய வேண்டிய நுட்பமான வேலை. வைட் நன்றி மறவாதவர். ஓவியரின் பெயர்களைத் தம் நூலில் பதித்தார். ஆர்க்கிட் வகை ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். ஆனால் மரமேறிப் பூப்பறித்தோர், மழையில் நனைந்து கட்டுச் சுமந்தோர், இந்தச் செடி இந்தப் பள்ளத்தில்தான் கிடைக்கும் என்று கைநீட்டிக் காட்டியோர் ஆகியோர் பெயர்களைப் பெரும்பாலும் எந்த ஏடும் சொல்லவில்லை. மலையை உண்மையில் அறிந்திருந்தவர்கள் அவர்களே. வரலாற்றில் இடம் கிடைக்காதவர்களும் அவர்களே.

பாளையங்கோட்டையிலிருந்து மீண்டும்

வைட் தங்கியிருந்த அதே பாளையங்கோட்டையிலிருந்து, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மலையைப் படிக்க மீண்டும் சிலர் புறப்பட்டனர். இம்முறை புறப்பட்டவர்கள் தூய சவேரியார் கல்லூரியின் தாவரவியல் துறையினர்.

இதற்கு முன்மாதிரி திருச்சியில் இருந்தது. தூய வளனார் கல்லூரியில் சேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார் 1967இல் இராப்பினா உலர்தாவரகத்தை நிறுவினார். இளம் ஆய்வாளர்களைக் கூட்டிக்கொண்டு தமிழகத்தின் சமவெளிகளையும் குன்றுகளையும் பல ஆண்டுகள் நடந்து, 1980களில் தமிழகக் கருநாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய நூல் தொகுதிகளை வெளியிட்டார். தெற்கே சவேரியார் கல்லூரியில் மாணிக்கம் அடிகளார் பெரணிச் செடிகளைத் தம் துறையாக ஏற்றார். பூக்காத, காய்க்காத, சந்தையில் விலைபோகாத செடிகள் அவை. ஈரமும் நிழலும் குறைந்தால் முதலில் வாடுபவை என்பதால், ஒரு காட்டின் நலத்தை அவற்றைக் கொண்டு அளக்கலாம். இருதயராஜ் என்பாருடன் இணைந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றிய நூலை அவர் 1992இல் வெளியிட்டார். 2008இல் முருகன், ஜோதி ஆகியோருடன் சேர்ந்து திருநெல்வேலி மலைகளின் தாவரங்களைப் பற்றிய நூலின் முதல் தொகுதியைத் தந்தார். அட்டையில் ஆசிரியரின் பெயரோடு உடன் உழைத்தோரின் பெயர்களும் இருப்பதைக் கவனியுங்கள். ரங்கையாவின் காலத்திலிருந்து நாம் ஓரடி முன்னே வந்திருக்கிறோம்.

உலர்தாவரகம் என்பது என்ன? செடியைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, அதன் மூலையில் ஒரு சீட்டு எழுதுவார்கள். செடியின் பெயர், இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர், எண் ஆகியவை அதில் இருக்கும். பார்ப்பதற்கு எளிய வேலை. ஆனால் நூறாண்டுக்குமுன் சித்திரையில் பூத்த செடி இன்று மாசியிலேயே பூக்கிறதா, ஆயிரம் மீட்டர் உயரத்தில் கிடைத்தது இன்று இன்னும் மேலே ஏறிவிட்டதா, அடியோடு மறைந்தே போயிற்றா என்பதை அந்தச் சீட்டுகளே சொல்லும். காலநிலை மாற்றம் என்று உலகம் பேசத் தொடங்குமுன்பே அதற்கான சாட்சியங்கள் இவ்வாறு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

ஈராண்டும் ஒரு தலைமுறையும்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப்போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அடுத்த ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில், சாரல் காலம் தொடங்குமுன்பே, திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் குளித்துக்கொண்டிருந்த பள்ளி வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. மேலே மலையில் பெய்த மழை கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தின் கண்ணீருக்கு முன்னால், மலையை அறிவது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று யார் சொல்ல முடியும்?

காலநிலை நீதி என்ற சொல் இன்று பரவலாக வழங்குகிறது. அதன் பொருளைத் தென்காசியில் நின்று பார்த்தால் தெளிவாக விளங்கும். சிற்றாற்றின் கடைமடைக் குளம் பெருகாவிட்டால் நட்டப்படுபவர் அரை ஏக்கர் வைத்திருக்கும் உழவர். அருவி வறண்டால் பிழைப்பு இழப்பவர் குற்றாலத்தில் பழம் விற்பவரும் எண்ணெய் தேய்த்துவிடுபவரும். காடு சுருங்கினால் முதலில் தவிப்பவர் சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலைகளில் வாழும் பளியர். காற்றை மாசாக்கியதில் இவர்களுடைய பங்கு மிகச் சிறிது. விளைவைச் சுமப்பதில் பங்கு மிகப் பெரிது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் இயற்கையின் துயரத்தையும் ஏழையின் துயரத்தையும் பிரிக்காமல் பேசியது இதனால்தான்.

இந்தத் துயரைக் கணித்துச் சொல்லவும், தணிக்க வழி காணவும் பயிற்சி பெற்ற இளைஞர் தேவை. அரசின் திட்டத்தை அதனால் வரவேற்கிறோம். ஆனால் ஈராண்டு என்பது மலையின் கணக்கில் மிகச் சிறிது. முதல் சாரலில் வழியைக் கற்கலாம். இரண்டாம் சாரலில் செடிகளின் பெயரைக் கற்கலாம். மூன்றாம் சாரல் வருமுன் ஊதியம் நின்றுவிட்டால் கற்றதெல்லாம் எங்கே போகும்? வைட்டுக்கு 1828இல் நேர்ந்தது இன்றைய இளைஞருக்கும் நேரலாம். வைட்டுக்குப் பட்டாளச் சம்பளமாவது இருந்தது. தாவரவியல் முதுகலை முடித்த நம் வீட்டுப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? ஒரு திட்டம் முடிந்து அடுத்த திட்டம் வரும்வரை அவள் வங்கித் தேர்வுக்குப் படிப்பாள். தேர்ச்சி பெற்றதும் மலை ஒருவரை இழந்துவிடும். அவளைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. காட்டில் திரிய ஒரு படிப்பா, இதற்கெல்லாம் என்ன சம்பளம் என்று கேட்டவர்கள் நாம்தாமே?

நெடுநாள் தங்கிப் பார்ப்பதன் பயனைக் காட்ட அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். கல்லூரி மாணவரும் ஆசிரியரும் ஊர்க்காரரும் தன்னார்வலராய்ச் சேர்ந்து எண்ணுகின்றனர். ஓராண்டுக் கணக்கு வெறும் எண்ணிக்கையே. பத்தாண்டுக் கணக்கோ எந்தக் குளம் நலமாயிருக்கிறது, எது நலிகிறது என்று காட்டும் கண்ணாடி.

அரசு செய்வதை அரசு செய்யட்டும். நாம் செய்யக்கூடியவையும் உள. நம் பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் மாணவரைக் கொண்டு அளவைக் குறித்துவரப் பெருஞ்செலவு ஆகாது. மலையடிவாரத்துப் பங்குகளில் ஆய்வுக்கு வரும் இளைஞர் தங்க ஓர் அறை தரலாம். திருவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, திட்டத்துக்கும் திட்டத்துக்கும் இடையே ஓர் இளம் ஆய்வாளரை ஓராண்டு தாங்கலாம். அவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்க வேண்டியதில்லை. சாரல் அப்படிக் கேட்டுப் பெய்வதில்லை.

அடுத்த முறை பாளையங்கோட்டைக்கோ திருச்சிக்கோ செல்லும்போது, இசைவு பெற்று ஓர் உலர்தாவரகத்துக்குள் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். தாளின் மூலையிலுள்ள சீட்டை அவர்கள் படிக்கட்டும். ரங்கையாவுக்கு வழிகாட்டியவரின் பெயரை இனி நாம் எழுத இயலாது. ஆனால் நாளை குற்றால மலையிலிருந்து வரும் சீட்டில், சேகரித்தவர் என்ற இடத்தில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரின் பெயர் இருக்கச் செய்வது நம்மால் இயலும்.