பழைய காரின் கியர்ப் பெட்டி

முன்னேஸ்வரத்துக்குச் செல்லும் சாலையிலாயினும் இலங்கையின் வேறெந்தச் சாலையிலாயினும் பழைய ஆங்கிலக் கார் ஒன்று எதிர்ப்படுமாயின், அது வெறும் மோகத்தால் மட்டும் பிழைத்ததன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்ற, அரசாங்கம் கார் இறக்குமதியை இறுகக் கட்டுப்படுத்திற்று. இருந்த வண்டியையே பழுதுபார்த்து ஓட்டவேண்டியதாயிற்று.

இத்தகைய வண்டிகளுள் எம்.ஜி. போன்ற விளையாட்டுக் கார்களின் கியர்ப் பெட்டி தனிக் கவனம் வேண்டுவது. பற்சக்கரங்களின் வேகத்தை இணக்கும் 'சிங்க்ரோமெஷ்' அமைப்பை அமெரிக்கக் கடிலாக் கார் 1928இலேயே கொண்டுவந்தது. ஆயினும் 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. காரில் 1967 வரை முதற் கியருக்கு அவ்வசதி இல்லை. ஓடும் வண்டியை அக்கியருக்கு இறக்குவோன் நடுநிலையில் கிளட்சை விட்டு, எஞ்சினைச் சிறிது முடுக்கி, மீண்டும் மிதித்தே கோலைத் தள்ளவேண்டும். இதனை அறியாதார் பற்களைத் தேய்த்துவிட்டுப் பெட்டியைப் பழிப்பர்!

நிற்கும் வண்டியில் கிளட்சை மிதித்துச் சில விநாடி பொறுத்தும் பின்கியர் அலறினால், கிளட்ச் முற்றாக விடுபடவில்லை என்பதே பொருள். பெட்டியைத் திறத்தல் வீண் வேலை. ஓட்டத்தில் ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அதன் இணக்கு வளையம் தேய்ந்திருக்கும். நடுநிலையில் எழும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்குமாயின், முன் தண்டின் பெயரிங்கை ஐயுறலாம்.

எம்.ஜி.பி. பெட்டிக்கு விதிக்கப்பட்டது எஞ்சின் எண்ணெயே. கந்தகச் சேர்க்கை மிக்க சில கியர் எண்ணெய்கள் செம்புக் கலவை வளையங்களை அரிக்கும். வடித்த எண்ணெயில் பொன்னிறத் துகள் மின்னினால் வளையம் தேய்கின்றது. இரும்புச் சில்லு கிடந்தாலோ பெட்டியைக் கழற்றவேண்டும். அதற்கு எஞ்சினையும் சேர்த்தே வெளியே தூக்கவேண்டியிருக்கும்.