அரசியின் கொடை

உலகில் இன்பத்தை நாடாதார் இலர். இன்பங்களுள் காதலின்பமே தலையாயது என்பர் பலர். ஆயின், அவ்வின்பம் நிலைபெறுவது எதனால்? பட்டினாலும் பொன்னினாலும் அன்று. ஒருவரையொருவர் மதித்து, இருவரும் பிறர்க்கு ஈந்து வாழ்வதனாலேயே ஆம். இதற்குச் சரித்திரம் தரும் சான்றொன்றை ஈண்டு நோக்குவோம்.

கி.மு. 261 அளவில் அசோகன் கலிங்க நாட்டின்மீது படையெடுத்தான். போரில் மடிந்தோர் 1,00,000 பேர். நாட்டினின்றும் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டோர் 1,50,000 பேர். இக்கணக்கைத் தந்தவர் பகைவர் அல்லர். வென்ற வேந்தனே தன் 13-ஆம் பாறைச் சாசனத்தில் பொறித்துள்ளான். தமக்கொரு தீங்கும் நேராதவரும், தாம் அன்பு கொண்ட நண்பரும் சுற்றத்தாரும் அழிந்தமையால் துன்புற்றனர் என்றும் அவன் அதிற் கூறுகிறான். ஓர் உயிரை வெட்டும் வாள், அவ்வுயிரை நேசித்த நெஞ்சங்களையும் வெட்டுகிறது என்பதை உணர்ந்த அம்மன்னன், பௌத்த அறத்தில் முன்னிலும் ஊன்றி நின்றான்.

அவ்வறம் இல்வாழ்க்கையையும் தொட்டது. திருமணத்திலும் மகப்பேற்றிலும் மக்கள் செய்யும் சடங்குகளால் விளையும் பயன் சிறிதே. அடிமைகளையும் ஏவலரையும் முறையாக நடத்துதல், பெரியோரைப் பேணுதல், உயிர்களிடத்து இரக்கம், துறவோர்க்கும் அந்தணர்க்கும் ஈதல் ஆகிய இவையே பெரும்பயன் தரும் சடங்கு என்று 9-ஆம் பாறைச் சாசனம் அறிவிக்கின்றது.

இனி, அவன் தேவியின் செய்தியைக் கேளுங்கள். முன்னர் அலகாபாத் என வழங்கிய பிரயாக்ராஜ் நகரின் கோட்டையில் அசோகனது கற்றூண் ஒன்று நிற்கின்றது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்திய பின்னர், அத்தூணிலுள்ள சிறு சாசனமொன்றும் பேசலாயிற்று. இரண்டாம் தேவி அளித்த மாந்தோப்பாயினும், சோலையாயினும், அறச்சாலையாயினும், வேறெக்கொடையாயினும் அதனை அத்தேவியின் பெயரிலேயே கணக்கிடுதல் வேண்டுமென்று எல்லா இடத்து அதிகாரிகட்கும் அதில் ஆணை பிறந்துள்ளது. அவள் தீவரனின் தாய், பெயர் காருவாகி. அசோகனின் சாசனங்களிற் பெயர் குறிக்கப்பெற்ற தேவி இவள் ஒருத்தியே.

அச்சாசனத்திற் காதல் மொழி ஒன்றேனும் இல்லை. ஆயினும், அதனினும் சிறந்த காதற் கடிதம் எங்குளது? மனைவியின் ஈகையையும் கணவன் பெயரில் எழுதிக்கொள்வது உலக வழக்கம். பேரரசனோ, “இது அவள் செய்த அறம்” என்று கல்லில் எழுதுவித்தான். அவளை அணிகலன் பூண்ட பதுமையாகக் கருதாது, தன்னைப்போலவே அறஞ்செய்யும் உரிமையுடைய உயிராக மதித்தான். அவளும் தன் பெயர் நிலைபெற மாளிகை வேண்டினாள் அல்லள். வழிப்போக்கர்க்கு நிழலும் கனியும், வறியவர்க்குச் சோறும் வேண்டினாள். அத்தோப்பு இன்றில்லை, அவள் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேலாக நிற்கின்றது.

அன்பர்களே! மூன்று நாள் விழாவிற்காகக் கடன்பட்டு, முப்பது ஆண்டு வட்டி கட்டும் மணமக்கள் நம்மிடையே எத்தனை பேர்! அப்பொருளில் ஒரு பங்கை ஏழைச் சிறுவன் ஒருவனின் கல்விக்கு இருவருமாக ஈந்து, இல்வாழ்வைத் தொடங்கினால் என்ன? மனைவி தருவதைக் கணவன் தடுக்காது போற்றும் இல்லமே இன்ப இல்லம். அங்ஙனம் வாழ முடிபுனைந்த மன்னராதல் வேண்டுவதில்லை. மனம் இருந்தாற் போதும்.